அணைக்காமல் மாற்றுவது

— முதலாளி உனக்குக் கடம்பூர் போளி வாங்கியாந்தாராமே, முத்துசெல்வி?

— ரெண்டு பொட்டலம், மாரிராஜ் அண்ணாச்சி. ஒண்ணு உங்களுக்குத்தான். மேசையில இருக்கு.

— எனக்கு எதுக்கு தாயி. பதிமூணு வருசமா இந்த மில்லுல கம்ப்யூட்டர் சர்வர் பாக்கேன். ஒரு டீ சொன்னதில்ல அந்த மனுசன். நீ வந்து பத்து மாசம்.

— மில்லை நிறுத்தாமலே சர்வரை மாத்தலாம்னு சொன்னதுல அவியளுக்குச் சந்தோசம்.

— நானும் மாத்தத்தான் செஞ்சேன். ஞாயித்துக்கிழமையானா சர்வரை அணைப்பேன், வேலையைப் பாத்துட்டுத் திருப்பிப் போடுவேன். அதுவரைக்கும் மில்லே எனக்காகக் காத்துக் கெடக்கும். இப்ப நீ மவுஸைத் தட்டுத, சர்வருக்குள்ள ஓடுற மெஷினெல்லாம் ஓடிக்கிட்டே பக்கத்து சர்வருக்குப் போயிருதாம்.

— தகவல் பூரா ரெண்டு சர்வருக்கும் பொதுவா அந்த ஸ்டோரேஜ் பெட்டியில கெடக்கு, அண்ணாச்சி. அது நகர வேண்டாம். ஓடுறதோட ஞாபகம் மட்டுந்தான் இடம் மாறுது.

— எனக்கே பாடம் நடத்துத. இனிமே சர்வர் ரூமுக்கு ஒரு ஆளு போதுமாமே? இன்னொரு ஆளு ஓட்டப்பிடாரம் குடோனுக்காம்.

— நானும் கேள்விப்பட்டேன்.

— சரி, புது சர்வருக்கு எத்தனை போயிருக்கு?

— நாலு விர்ச்சுவல் மெஷினும் போயிட்டு. சம்பளம், நூல் இருப்பு, மெயில், எடை மேடை.

— எடை மேடையுமா?

— ஆமா. முதலாளிக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன். பழைய சர்வரை அவிய கையாலயே அணைக்கணுமாம். படியேறி வந்துக்கிட்டு இருக்காவ.

— இப்பவா? கீழ பதினோரு பருத்தி லாரி எடைக்கு நிக்கு.

— நிக்கட்டுமே.

— இன்னொரு தரம் பாரு, முத்துசெல்வி.

— ஏன், எனக்கு வேலை தெரியாதுங்கீயளா?

— ஏட்டி, எடை மேடை போயிருக்காது. செவ்வாக்கிழமை அதோட டிஸ்கை மட்டும் ஸ்டோரேஜுல இருந்து எடுத்துப் பழைய சர்வருக்குள்ள வச்சிட்டேன். பொதுவுல இல்லாட்டா நகராதுல்லா. முதலாளி முன்னால உனக்கு ஒரு தரம் சிக்கட்டும்னு நினைச்சேன். அவரே வந்து அணைப்பாருன்னு யாரு கண்டா? பாதியில அணைஞ்சா காலையில இருந்து போட்ட எடை பூரா போச்சு.

— வயித்தெரிச்சலா, அண்ணாச்சி?

— ஆமா, வயித்தெரிச்சல்தான். அவரு உன் பேரைச் சொன்னாலே எனக்குச் சோறு இறங்கல. போதுமா? முதல்ல அவரை அங்கனயே நிப்பாட்டு.

— எனக்கு மட்டும் இறங்குச்சாக்கும். பத்து மாசமா நான் போனை எடுத்தா, மில்லுல எல்லாரும் மாரிராஜ் அண்ணாச்சி இல்லையான்னுதான் கேக்காவ. இல்லைன்னா உடனே வச்சிருதாவ. என்ன பிரச்சினைன்னு என்கிட்ட ஒருத்தர் சொன்னதில்ல.

— அதை இப்ப எதுக்குச் சொல்லுத? போன் போடு முதல்ல.

— நீங்க டிஸ்கை எடுத்ததை அன்னைக்கே பாத்துட்டேன், அண்ணாச்சி. பதிவுல உங்க பேருதான் இருக்கு. முதலாளி வந்து அணைக்கட்டும்னுதான், போகாத எடை மேடையையும் சேத்து நாலும் போயிட்டுன்னு சொன்னேன்.