நாலு போல்ட்டும் சரியாகவே இருந்தன

முதலில் ஒரு சின்ன விஷயம். அப்பாவின் டிரைவிங் லைசென்ஸையும் கார் சாவியையும் இன்றைக்கே ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லியிருந்தீர்கள். லைசென்ஸ் இதோ இருக்கிறது. சாவியை மறந்துவிட்டேன். எனக்கும் வயசாகிறது.

வண்டியைச் சோதித்த உங்கள் ஆள் அதில் ஒரு குறையும் இல்லை என்றாராம். பிரேக் பிடிக்கிறது, ஸ்டியரிங் சரி, எஞ்சின் பிரமாதம். ஞாபகம் கெட்ட கிழவர் மேல் கேஸ் போட்டு என்ன ஆகப்போகிறது என்று நீங்களும் என் தோளைத் தட்டி அனுப்பினீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. அந்த ஒரு குறையும் இல்லாததைப் பற்றித்தான் பேச வந்தேன்.

நான் மெக்கானிக். அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தான். ஞாபகம் போன பிறகும், எப்போது படுத்து எழுந்தாலும் சட்டையை மாட்டிக்கொண்டு சாவியை எடுத்துவிடுவார். ஒருமுறை ஒளித்து வைத்துப் பார்த்தேன். வீட்டைத் தலைகீழாகப் புரட்டி, பீரோவில் மோதி நெற்றியைக் கிழித்துக்கொண்டார். அதிலிருந்து சாவி ஹாலில் அதன் ஆணியிலேயே தொங்குகிறது.

எங்களைக் காப்பாற்றியது கரிதான். எஞ்சினுக்குக் காற்று போகிற வாய்க்கு த்ராட்டில் பாடி என்று பெயர். உள்ளே ஒரு வட்டத் தகடு இருக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அது மூடிக்கொள்ளும். ஓரத்து மெல்லிய இடுக்கில் வரும் காற்றை வைத்துத்தான் வண்டி ஆஃப் ஆகாமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடுக்கைக் கரி அடைத்திருந்தது. அப்பா ஸ்டார்ட் செய்வார், கேட் வரை வருவார், வலப்பக்கம் இண்டிகேட்டர் போட்டுவிட்டு, திரும்புவதற்காக ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். வண்டி நின்றுவிடும். மறுபடி முயல்வார், மறுபடி நிற்கும்.

"க்ளட்ச்ச இப்படியாம்மா விடுவாங்க? போ, நாளைக்கு வா" என்று வண்டியைத் திட்டிவிட்டு உள்ளே வந்து டீ கேட்பார். நானும் என் மனைவியும் சிரித்திருக்கிறோம். அக்கா வெளியூரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் ஒன்றையே சொல்வாள். "ஊர் வண்டியெல்லாம் ரிப்பேர் பண்ணு. அத மட்டும் தொட்டுடாதடா."

தொடவில்லை, ரொம்ப காலம். ஆனால் தூங்காத மனுஷனோடு வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும். அவர் காஸ் அடுப்பைத் திறந்துவிடுவார். என் மனைவியைத் திருடி என்று கத்துவார். அவள் அவரைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, அவர் கையால் அடியும் வாங்கினாள். கடைசியில் ஒரு பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"என்னால முடியலீங்க. நான் அம்மா வீட்டுக்குப் போறேன். அவர் இருக்கற வரைக்கும் கூப்பிடாதீங்க."

அவள் மேல் தப்பில்லை. வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டது நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்தேன். அப்பாவுக்கு ஒரு சந்தோஷம் இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்றுக் குழாயைக் கழற்றி, த்ராட்டில் பாடியை வெளியே எடுத்தேன். க்ளீனரை நேராக அடிக்காமல் துணியில் நனைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தகட்டின் விளிம்பைத் தேய்த்தேன். ஸ்க்ரூடிரைவரை விட்டுத் தகட்டை நெம்பக் கூடாது, கோணிப்போகும். இடையில் காற்று கசியாமலிருக்கப் புது கேஸ்கெட் வைத்தேன். நாலு போல்ட்டையும் முதலில் விரலால் திருகி, பிறகு ஒன்றுக்கு எதிர்மூலையில் இருப்பதை அடுத்ததாக எடுத்து, குறுக்குக்குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். கடைசிச் சுற்று, சரியான இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்சில். லூஸாக விட்டால் காற்று கசியும், வண்டி திணறும். ரொம்ப இறுக்கினால் அலுமினியத்தில் மரை போய்விடும். ஒரு போல்ட்டை லூஸாக விட்டிருந்தால் அது கொலை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு கவனமாக இருந்தேன்.

ஸ்டார்ட் செய்து காலை எடுத்தேன். வண்டி பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது.

மதியம் அப்பாவிடம் "கடைக்குப் போயிட்டு வரேன்" என்றேன். "சரி தம்பி, கதவச் சாத்திட்டுப் போ" என்றார். என்னை யாரென்று நினைத்தாரோ. வீட்டுக் கதவைச் சாத்தினேன். கேட்டை அகலத் திறந்து வைத்தேன். வலப்பக்கம் போனால் கால்வாய் ரோடு. திருப்பத்தில் தடுப்புச் சுவர் கிடையாது. அந்த நேரத்தில் அங்கே ஈ காக்கை இருக்காது. எத்தனையோ மாதமாக அவர் கேட்டில் நின்று வலப்பக்கம் இண்டிகேட்டர் போட்டதை நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

அன்றைக்கு மட்டும் இடப்பக்கம் திரும்பினார். டிரைவிங் ஸ்கூல் இருந்த தெருவுக்கு. துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தையல்காரம்மா ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். மீதி உங்களுக்குத் தெரியும். நான் போட்டிருக்கிற இந்தச் சட்டையின் பையை அவள்தான் போன வாரம் தைத்துக் கொடுத்தாள். கிழிய வேண்டும் என்று இழுத்துப் பார்க்கிறேன், கிழிய மாட்டேன் என்கிறது. அவள் மகள் வாசலில் உட்கார்ந்து அழுத சத்தத்துக்கு நான்தான் காரணம், வேறு யாரும் இல்லை.

அப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மோதியது ஞாபகமும் இல்லை. நேற்று சோறு பிசைந்து கொடுக்கும்போது என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டி இப்ப நல்லா இழுக்குதுப்பா. யாரு வேல பாத்தது?"

"நான்தான்."

"வேல தெரிஞ்ச கை."

ஆயுசில் அவர் என்னைப் பாராட்டியது அது ஒன்றுதான். நான் சோற்றைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா: அப்பா சாக வேண்டும் என்றுதான் அந்த வண்டியைச் சரி செய்தேன். செத்தது இன்னொருத்தி. இரண்டுக்கும் தண்டனை கொடுங்கள்.

நீங்கள் வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்றே நசுங்கிய பானெட்டைத் தட்டி நிமிர்த்திவிட்டேன். கை சும்மா இருக்காது. ஷெட்டில்தான் நிற்கிறது. வீட்டில் இப்போது அப்பா தனியாக இருக்கிறார். கிளம்பும்போது கேட்டைச் சாத்தவில்லை. சாவியை மறந்துவிட்டேன் என்றேனே, அதுவும் பொய். ஆணியில் தொங்குவதை ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். யாரையாவது சீக்கிரம் அனுப்புங்கள்.

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.