எழுபத்து மூன்றாம் பக்கம்

இல்ல டீச்சர், நீங்களே சொல்லுங்க... முப்பத்தியொரு வருஷம் கவர்மென்டுக்கு உழைச்சவனுக்கு ஒம்பது மாசமா ஒரு சதம் பென்ஷன் இல்ல! இந்த வாங்குல குந்தியே நான் உடுத்தியிருக்கிற சாரம் தேஞ்சு போச்சு. நீங்க ஜெனிஸ்டா டீச்சர்தானே? கையெழுத்துப் புத்தகத்துல பாத்தேன். எல்கடுவ ஊரா? ஆ, நல்லம், நல்லம். நான் பதுர்தீன். இந்தக் கந்தோர் இருக்குதே, இதே ஆபிஸ்ல ரிட்டயர்ட் சீஃப் கிளார்க். ரிட்டயர்ட் ஆயிட்டேன், பென்ஷனர் ஆகல்ல. நடுவுல தொங்குறேன்.

சம்பளத்த எடுங்களேன். வேல செஞ்ச காலம் பூரா கூட்டு, கூட்டுன்னு கத்தினோம். மாலையப் போட்டு, கேக் வெட்டி, என்னய வெளிய அனுப்பி நாலே மாசம்... கூட்டிட்டாங்க! யாருக்கு? என்ட கதிரையில இப்பக் குந்தியிருக்கிறவனுக்கு. அவனுக்கு லீவு ஃபோர்ம் நிரப்பவே நான்தான் படிச்சுக் குடுத்தேன்.

வரி இன்னொரு கூத்து. சம்பளத்துல வெட்டினாங்க, சரி. இப்ப பேங்குல கெடக்குற வட்டியிலயும் வெட்டுறாங்க. கேட்டா, டின் நம்பர் எடுங்கன்றாங்க. ஊட்டுக்குப் போய், டின் எடுக்கணுமாம்ன்னேன். ஸுபைதா, என்ட பொஞ்சாதி, டின் மீன்னு நெனச்சுக்கிட்டு, "சின்னது ஒன்னு போதும்"ன்றா! வருமானமே இல்லாதவனுக்கு வருமான வரி நம்பர் டீச்சர்.

இப்ப என்ன வருமானம்ன்றீங்களா? சொல்ல வெக்கம். ஸுபைதா இடியப்பம் அவிக்கிறா, நான் கூடையில கொண்டு போய் ரத்தோட்ட ரோட்டுக் கடையில குடுக்குறேன். போன கிழம நம்ம கந்தோர் பொடியன் ஒருத்தன் அங்க சாப்பிட்டுக்கிட்டு, என்னயப் பாத்து எழும்பி நின்னு... "சேர், சம்பலும் நீங்கதானா?"ன்றான்!

எல்லாத்துக்கும் காரணம் ஒரே ஒரு தாள். என்ட ஃபைல்ல எழுவத்திரெண்டு இருக்கு, எழுவத்திநாலு இருக்கு. எழுவத்திமூணு இல்ல. "எல்லாப் பக்கத்துக்கும் செவப்பு மையில நம்பர் போடணும், ஒன்னு கொறஞ்சாலும் திருப்பி அனுப்பணும்"னு எங்க கந்தோருல சட்டம் போட்டது யாரு? நான்தான், சீஃப் கிளார்க் ஆக முந்தியே பெரியவங்ககிட்டச் சொல்லி! அந்தா கவுன்டர்ல இருக்குதே நிஷ்மியா, அதுகூட என்ட கிட்ட வேல பழகின புள்ள. சிரிச்சுக்கிட்டே சொல்லுது, "சேர், நீங்க சொல்லித் தந்ததுதானே"ன்னு.

பக்கம் தொலஞ்சா ரெக்கோட் ரூம் ஆள்தான் பொறுப்பு. அதுவும் என்ட சட்டம்தான். ரெக்கோட் ரூம்ல மாரிமுத்து. விசாரண வச்சாங்க. பாவம் மனுஷன், ராவும் பகலுமா தேடினான். ஒவ்வொரு கட்டா அவுத்து, தூசில இருமி இருமி... கடைசியில சம்பள உயர்ச்சிய நிப்பாட்டிட்டாங்க. இன்னும் மூணு மாசத்துல அவனும் ரிட்டயர். கொறஞ்ச சம்பளத்துலதான் பென்ஷன் போடுவாங்க, சாகுற வரைக்கும்...

என்ன டீச்சர், மொகம் மாறிட்டிச்சு? அவனத் தெரியுமா? ஒங்க தோட்டத்து லயத்துக்கு மேல் ஊடா? ஆ...

நல்ல மனுஷன். என்னயத் திட்டக்கூட இல்ல. "ஒங்க பக்கம் கெடைக்கணும்னு கோயில்ல வேண்டியிருக்கேன் சேர்"ன்னான். அத்தோட எனக்குத் தூக்கம் போச்சு.

ஏன்னா... கொஞ்சம் கிட்ட வாங்க, சத்தமா சொல்ல ஏலாது. சம்பளமில்லாத லீவுல நான் கட்டாருக்கு உழைக்கப் போனேன். ரெண்டு வருஷ லீவு, நாலு மாசம் பிந்தி வந்தேன். எச்சரிக்கக் கடிதம் ஒன்னு போட்டு ஃபைல்ல சேத்துட்டாங்க. அது கெடந்தா சீஃப் கிளார்க் பதவி கெடைக்காது. ஒரு நாள் எல்லாரும் பகல் சாப்பாட்டுக்குப் போன நேரம்... ஒரு தாள்தானே டீச்சர்! யாருக்கு நட்டம்னு நெனச்சேன்.

அந்தத் தாள் ஊட்டு அலுமாரியில கெடந்திச்சு. இந்தக் கிழம மொதல்ல ஸுபைதா கண்டெடுத்துட்டா. "இதக் குடுக்கும் வரைக்கும் என்ட கூடையத் தொட வேணாம்"ன்னுட்டா. மூணு நாளா பேக்குல வச்சுக்கிட்டு வாறேன், கவுன்டரப் பாக்குறேன், போறேன். குடுத்தா, ஒங்க கையில எப்பிடி வந்திச்சுன்னு கேப்பாங்களே? கள்ளன்னு எழுதினா என்ட பென்ஷனும் போயிடுமே? இந்தாங்க, பாருங்க... செவப்பு மை, எழுவத்திமூணு. மங்கவே இல்ல.

டீச்சர், எங்க எழும்புறீங்க? பாக்கத்தானே தந்தேன்... தாங்க இங்க. டீச்சர்! அது கவுன்டர் பக்கம்... யா அல்லாஹ்! கொஞ்சம் நில்லுங்க, பழைய பேப்பர்க் கட்டுக்குள்ள கெடந்திச்சுன்னு ஒரு கத யோசிச்சு வச்சிருக்கேன்...

குடுத்துட்டாங்க.

நிஷ்மியா திருப்பித் திருப்பிப் பாக்குது... இந்தப் பக்கம் பாக்குது...

என்ன நிஷ்மியா மகள்? ஓம், எழுவத்திமூணுதான். எங்க இருந்திச்சா?

...என்ட கிட்ட மகள். மாரிமுத்து தொலைக்கல்ல. நான்தான் எடுத்தேன். எழுதிக்கங்க.