உவர் ஏறிய கிணறு

வெடிச் சத்தம். முதலில் ஒன்று. பிறகு விடாமல். "றோட்டால போகாதேங்கோ! பனையடிக்கு ஓடுங்கோ!" யாரோ கத்துகிறார்கள். வீட்டையும் தோணியையும் விட்டுவிட்டு ஓடுகிறேன். இடுப்பில் என் மகள் வதனி. வயது ஒன்று. அவளுக்கு வயிற்றோட்டம். என் சேலை நனைந்துகொண்டே வருகிறது.

எண்பத்து மூன்று, ஆடி மாதம். நிலாவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் போய் விழுந்தோம். சனம் நெருக்கியடித்தது. கிணறு ஒன்றுதான். கடற்கரைக் கிணறு. மேலே நல்ல தண்ணீர், அடியில் உவர். ஆறுதலாக அள்ளினால் குடிக்கலாம். அடித்து இறைத்தால் உவர் ஏறிவிடும். அங்கே இது தெரியாதவர் இல்லை.

பெண்கள் கட்டுப்பாடு வைத்தோம். குடும்பத்துக்கு ஒரு வாளி. கோப்பைகளைச் சாம்பலால் துடைத்தோம். அரிசி கழுவிய தண்ணீரில் பிள்ளைகளின் துணியை அலசினோம். முகம் கழுவ ஒரு சிரட்டை. கிண்ணியாவிலிருந்து வந்து எங்களோடு மாட்டிக்கொண்ட சல்மா தொழுகைக்குக் கைகால் கழுவக்கூட வாளியைத் தொடவில்லை. சுத்தமான மண்ணில் கை தட்டி முகத்தில் தடவிக்கொண்டாள். நான் கொதித்தாறின தண்ணீரில் உப்பும் சீனியும் கலந்து வதனிக்குக் கரண்டியால் பருக்கினேன். ஓட்டம் குறைந்தது. சிரித்தாள்.

மூன்றாம் நாள் ஒரு கிழவர் காய்ச்சல் வருத்தத்தில் செத்தார். பின்வளவில் புதைத்தார்கள். திரும்பிய ஆண்கள் நேரே கிணற்றடிக்குப் போனார்கள். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் முன்னுக்கு. வாளி இறங்குகிறது. தலையில் ஊற்றுகிறார். மறுபடியும் வாளி. சளார். சளார்.

"அண்ணை, பிள்ளைக்குக் குடிக்க வேணும். நிப்பாட்டுங்கோ," என்றேன்.

"சவம் தூக்கினனாங்கள் தங்கச்சி. குளிக்காமல் உள்ளுக்கு வர ஏலாது."

கடல் கிட்டத்தானே இருக்கிறது என்றேன். அங்கே போனால் நேவிக்காரன்கள் சுடுவான்களாம். ஒருவர் விடாமல் குளித்தார்கள். பிணத்துக்குக் கிட்டவும் போகாத ஒருவன் சவர்க்காரம் போட்டுக் குளித்தான். தூ.

பொழுதுபட முன்னமே தண்ணீர் கரித்தது. வெளியே இன்னும் வெடிச் சத்தம். வேறு கிணற்றுக்குப் போக வழியில்லை. வாயில் வைத்ததை வதனி துப்பினாள். ஓட்டம் திரும்பியது. கண் குழி விழுந்தது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. மறுநாள் மத்தியானம் என் மடியிலேயே அடங்கிவிட்டாள்.

அவளைப் புதைத்து வந்தவர்களும் குளித்தார்கள். அதே கிணற்றில்.

இழந்தவை: ஒரு வீடு. ஒரு தோணி. நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று. ஆட்கள் இரண்டு பேர். கிழவரை வருத்தம் கொண்டுபோனது. வதனியைக் கொன்றது எங்கள் சனம்.