உச்சியில் வைத்த சந்தனம்

“ஹலோ... ஹலோ... ஆமாங்க, காட்சியகந்தான்... ரேணுகாம்பாள்தான் பேசறேன்... யாரு, கலீல் பாயா?... சொல்லுங்க பாய்... இல்ல இல்ல, தொந்தரவெல்லாம் ஒண்ணும் இல்ல. நானே உங்களக் கூப்புடணும்னுதான் இருந்தேன்... லைன் கெடைக்கல.”

லைன் கிடைக்காமல் இல்லை. திருவண்ணாமலை ஓவியக் காட்சியகத்தின் காப்பாளரான ரேணுகாம்பாள், காலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை மண்டியின் எண்ணைச் சுழற்றத் தொடங்குவதும், கடைசி இலக்கத்துக்கு முன்னால் ரிசீவரை வைத்துவிடுவதுமாக இருந்தாள். ஓவியர் கலீல் ரஹ்மானுக்கு வீட்டில் தொலைபேசி இல்லை; மண்டிக்குத்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டும். இப்போது அவரே வந்து பேசுகிறார். ரிசீவரில் காய்ந்திருந்த சந்தனப் பொட்டு அவள் கன்னத்தில் உதிர்ந்தது.

ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம். காட்சியகத்தில் சந்தனமும் குங்குமமும் ஏறாத பொருள் அன்று எதுவும் இல்லை. தட்டச்சுப் பொறி, சுத்தியல், வாசல் பூட்டு, மின்விசிறியின் ரெகுலேட்டர் ஆகியவற்றோடு, கண்ணாடிச் சட்டம் போடுவதற்காக நீண்ட மேசையில் பரப்பிவைத்திருந்த கலீல் ரஹ்மானின் நீர்வண்ண ஓவியங்களும் பொட்டு பெற்றிருந்தன.

“நாளைக்குத்தான் பாய். மெட்ராஸ்லேர்ந்து வராங்க... ஆமாம், படம் தேர்வு பண்ற அதே குழுதான்... ஆமாம், ஆமாம், இந்த வருஷம் தீபக் கண்காட்சிக்கு உங்க படம் மட்டுந்தான்... அவங்களுக்குப் புடிச்சுதுன்னா கெழக்கு ரூம்லயே நிரந்தரமா... ஆமாம் பாய், நான்தானே சொன்னேன்... பாய், ஒரு நிமிஷம்...”

அவர் நிமிடம் தருகிறவராக இல்லை.

“சட்டையா?... வெள்ளையே போடுங்க... பீபி ஜான் அம்மாவும் வராங்களா... வரட்டும்... பொண்ணு மெஹ்விஷ் லீவு போட வேணாம் பாய், காலேஜ்ல பரீட்சைன்னீங்க... அய்யோ, பிரியாணியெல்லாம் வேணாம். அவங்க பெரிய ஆபீசருங்க, எங்க சாப்புடுவாங்களோ... பாய், கொஞ்சம் கேளுங்க. அங்க உக்கார எடம் இருக்கா?... மல்லாட்ட மூட்டை மேலயாவது உக்காருங்க... உக்காந்துட்டீங்களா... இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். படத்தப் பத்தித்தான்.”

ஒரு வாக்கியத்தை அவள் காலையிலேயே அமைத்து வைத்திருந்தாள். எழுவாய் இல்லாத வாக்கியம். யார் செய்தார் என்பதை அதில் எங்கும் சொல்லத் தேவையில்லாதபடி கட்டியிருந்தாள்.

“படங்களுக்குச் சேதம் ஆயிடுச்சு பாய்... இல்ல, மழை இல்ல. கூரை ஒழுவல... எலியும் இல்ல... பொட்டு வெச்சாச்சு... பொட்டு பாய். சந்தனம், குங்குமம். ஆயுத பூசைக்கு வெப்பாங்களே... ஆமாம். படத்து மேலயேதான்... சிரிக்காதீங்க பாய்... வெளையாட்டுக்குச் சொல்லல.”

சிரிப்பு உடனே நிற்கவில்லை. அது தானாகத் தேய்ந்து அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“பெருசாத்தான் இருக்கு. கட்டவெரல் அகலம்... ஓரத்துல இருந்தா ஃப்ரேமுக்குள்ள மறைச்சிருப்பேனே, உங்கள உக்கார வெச்சு எதுக்குச் சொல்றேன்... மலைக்கு வெச்சிருக்கு. உச்சியில... ஆமாம், சரியா உச்சியில... மலை இருக்கற எல்லாத்துலயும் பாய்.”

வைத்த விதத்தில் குறை சொல்ல இடமில்லை. பொட்டு நெற்றியில் வைக்க வேண்டியது என்பது காவலாளி சடையனுக்குத் தெரியும். மலைக்கு நெற்றி எது என்பதிலும் அவருக்கு ஐயம் இருந்ததில்லை. மேகம் மூடிய ஓவியத்தில்கூட, உச்சி எங்கே இருக்க வேண்டுமென்று கணித்து, மேகத்தின்மேல் வைத்திருந்தார்.

“சடையன்தான்... அவரத் திட்டி என்ன ஆவப்போவுது. தலைக்குக் குளிச்சுட்டு வந்து, பயபக்தியா வெச்சிருக்காரு. காலைல நான் உள்ள நொழைஞ்சதும் ‘நல்லா வந்திருக்காம்மா’ன்னு கேக்கறாரு... நான் இல்ல பாய். ஆரணியில தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டேன்... பூட்டிட்டுப் போயிருக்கலாம். ஆமாம்... ஆமாம், பூட்டியிருக்கணும்... அது இல்ல விஷயம். நான்தான் சொன்னேன்.”

எழுவாய் தானாக வந்து நின்றுவிட்டது. இனி அதை நகர்த்த வழியில்லை.

“நான்தான் பாய் சொன்னேன், எதையும் விட்டுடாதீங்கன்னு... போன வருஷம் ஏணிக்கு வெக்காம விட்டுட்டாரு. அப்பறம் பல்பு மாட்டறப்ப அதுலேர்ந்து விழுந்து கைய ஒடைச்சுக்கிட்டாரு... அதனாலதான் விழுந்தாருன்னு நான் நெனைக்கல. அவரு நெனைச்சாரு. வருஷம் பூரா அதையே சொல்லிக்கிட்டிருந்தாரு. அதான், இந்தத் தடவ ஒண்ணு பாக்கி இல்லாம வெச்சுடுங்கன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்... சொன்னத அப்படியே செஞ்சிருக்காரு.”

மண்டியில் யாரோ எடை கூவிக்கொண்டிருந்தார். கூவல் நின்றது, அங்கிருந்தவர்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள் போலும்.

“தொடச்சுப் பாத்தேன். ரெண்டுல மட்டும்... ஏரி ரொம்பி, மலை தண்ணியில தலைகீழாத் தெரியுமே, அது ஒண்ணு... அதுல ரெண்டு உச்சி பாய். தண்ணிக்குள்ள இருக்கறதுக்கும் வெச்சிருக்காரு... காஞ்ச பிரஷ்ஷால தட்டிப் பாத்தேன். சந்தனம் உதுந்துச்சு, கூடவே உங்க கலரும் உதுந்துடுச்சு. பேப்பர் வெள்ளையாத் தெரியுது... இன்னொண்ணுல பஞ்ச நனைச்சு ஒத்தினேன். குங்குமம் ஊறி வானத்துல எறங்கிடுச்சு. அதுக்கப்பறம் நான் கைய வெக்கல... கேட்டேன் பாய். மெட்ராஸ்ல கெட்டுப்போன படத்தச் சரி பண்றவரு ஒருத்தரு, அவருக்குப் போன் போட்டேன். எண்ணெ வண்ணமா இருந்தா எதாவது பண்ணலாம், இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாரு... கண்டிப்பாத்தான் சொன்னாரு. ரெண்டு தடவ கேட்டேன்.”

பிறகு சற்று நேரம் அவள் ‘ம்’ என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ம்... ம்... தேதிய தள்ளிப் போடச் சொல்லியும் கேட்டேன். இப்ப விட்டா அடுத்த வருஷந்தானாம். அப்ப வேற ஊர்க்காரரு முறையாம்... மறுபடி வரையறதுக்கா? பாய், உங்க கை...”

பக்கவாதம் வந்துபோன பின் கலீல் ரஹ்மான் தேநீர்க் குவளையையே இரு கைகளாலும் பிடிக்கிறார். மேசைமீது கிடந்தவை அதற்கு முன் வரைந்தவை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கமிருந்து மலை எப்படித் தெரியுமென்று, ஒரு மழைக்காலம் தொடங்கி மறு மழைக்காலம்வரை அவர் வயல் வரப்புகளில் அமர்ந்து வரைந்தவை. அவை போக அவரிடம் வேறு எதுவும் மீதமில்லை.

“ஒண்ணு தப்பிச்சிருக்கு பாய்... ஒண்ணே ஒண்ணு. ஒரு புள்ளி கூட இல்ல... தர்கா படம்... ஆமாம், உங்க ஊரு ஏரிக்கரை தர்கா... அதுக்கு வெக்கலாமா கூடாதான்னு சடையனுக்குத் தெரியலயாம். தப்பாயிடப் போவுதுன்னு பயந்துட்டு, ஊதுபத்தி மட்டும் ஏத்தி, வாழப்பழத்துல சொருகி, நல்லாத் தள்ளி வெச்சிருக்காரு... இல்ல, பொகை கூடப் படல. அப்படியே இருக்கு.”

குரலில் தன்னையறியாமல் ஏறிய தெம்பை அவளே கேட்டாள்.

“அத மாட்டிடலாம் பாய். நடு செவுத்துல, தனியா. ஒண்ணாவது பாக்கட்டும்... ஏன்?... ஏன் பாய், நல்ல படந்தானே... தெரியும்... ஆமாம், சொல்லியிருக்கீங்க.”

முன்னமே சொல்லியிருக்கிறார். எந்தக் கண்காட்சியிலும் பெயர்ச்சீட்டைப் படித்தவர்கள் மலையை விட்டுவிட்டுப் பெயரைப் பற்றியே பேசுவார்கள். சிலர், பள்ளிவாசல் எதுவும் வரையவில்லையா என்று கேட்பார்கள். சிலர், அவர் மலையை வரைந்ததற்காகவே கையைப் பிடித்துக் கண்கலங்குவார்கள். இரண்டிலும் ஓவியத்தைப் பார்த்தவர் யாருமில்லை. வீட்டின் பின்வாசலைத் திறந்தால் மலை தெரிந்தது, ஆகவே வரைந்தார். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. தர்கா படம் மனைவி பீபி ஜான் கேட்டதற்காக வரைந்தது. தொகுப்பைக் கொண்டுவந்து கொடுத்த அன்றே, அதை மூலையில் மாட்டினால் போதுமென்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

“புரியுது பாய். அது மட்டும் இருந்தா, பேரப் பாப்பாங்க, படத்தப் பாப்பாங்க, சரியாப் போச்சுன்னு போயிடுவாங்க... அப்ப எல்லாத்தையும் சேத்து மாட்டினா? பொட்டோடயே... ஆமாம். அதத்தான் பேப்பர்காரங்க போடுவாங்க. நல்லிணக்கம்னு கொட்டை எழுத்துல... ஆமாம், உங்க போட்டோவும் சடையன் போட்டோவும் பக்கத்துல பக்கத்துல... இல்ல பாய், மாட்டல. எதையும் மாட்டல.”

காகிதத்தில் எழுதித் தந்த ஒப்புதலைக் கிழிப்பதுபோல் இருந்தது அந்தச் சொல். சொன்ன பிறகும் அவள் அதைத் திருத்தவில்லை.

“அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?... உடம்பு சரியில்லன்னா... சரி, அப்படியே சொல்றேன்... கெழக்கு ரூமுக்கா? தேர் மரச் சிற்பத்தப் போடச் சொல்லிடுவாங்க. ஏற்கனவே கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க... ஆமாம், அப்பறம் எடுக்க மாட்டாங்க... படத்தெல்லாம் சுத்தி அனுப்பட்டுமா?... வேணாமா... இங்கயேன்னா கெடங்குலதான் வெக்கணும் பாய். அங்க ஈரம் ஜாஸ்தி... சரி... சரிங்க... சடையன்கிட்ட சொல்லலீங்க. நல்லா வந்திருக்குன்னுதான் சொன்னேன். அதோட விட்டுட்டேன்... இல்ல, சொல்ல மாட்டேன்.”

வைத்துவிடுவார் என்று நினைத்தாள். அவர் வைக்கவில்லை.

“எது?... பஞ்சு வெச்சதா?... ஆமாம், மழை எறங்கறதுக்கு முந்தி வரைஞ்சது. அந்தச் சாம்பக் கலரு வானம்... ஆமாம், அதுலதான் பரவிடுச்சு... எப்படி இருக்குன்னா?”

தொலைபேசியின் கம்பி இழுபடும் தூரம்வரை நகர்ந்து அவள் அந்தத் தாளைப் பார்த்தாள். அந்தச் சாம்பல் நிறம் வானத்தில் வருவதற்காக எத்தனையோ பிற்பகல்கள் குடையோடு காத்திருந்ததாகவும், வந்தபோது குடையை மறந்துவிட்டதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். இப்போது அங்கே உச்சியிலிருந்து பக்கவாட்டில் வழிந்த ஒரு சிவப்புக் கறை இருந்தது.

“சாயங்காலம் மாதிரி இருக்கு பாய்.”

மறுமுனையில் மூட்டையை இழுக்கும் சத்தம் மட்டும் வந்தது.

“இல்ல... இல்லீங்க பாய், அப்படி இல்ல. கறை நல்லாருக்குன்னு சொல்ல வரல, சும்மா சொல்லிட்டேன். நல்லா இல்ல... பாய், கேக்குதா?... ஹலோ... நல்லா இல்லீங்க...”

இணைப்பு போயிருந்தது. அவள் சொன்னவற்றில் எதுவரை அவர் கேட்டுவிட்டு வைத்தார் என்பது தெரியவில்லை. மறுபடி சுழற்றிக் கேட்கும் விஷயமும் அது இல்லை.