பண்டார அனுப்பிய பதினேழு மெசேஜ்

"ஹலோ... ஆ, சொல்லுங்க மச்சான்... இல்ல இல்ல, வீடியோ எடுக்கத்தான் உக்காந்தேன், பரவால்ல... ம்... ம்... மெதுவா சொல்லுங்க... யாரு?... பண்டாரவா?... எந்தப் பண்டார?... அக்காவோட போனுக்கா?"

கஜீபன் முகத்துக்கு நேரே எரிந்துகொண்டிருந்த வட்ட விளக்கை அணைத்தான். நாலு வருடத்துக்கு முன்பு மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் போன்களுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தவன் அவன். பஸ்ஸில் பெண்களுக்கு எதற்குத் தனி சீட் என்று ஒரு நாள் கோபத்தில் பேசி இணையத்தில் போட்டான். எண்பதாயிரம் பேர் பார்த்தார்கள். கோபம் ஒரு வாரத்தில் தணிந்துவிட்டது, பார்க்கிறவர்கள்தான் தணியவில்லை. அதனால் அவனும் தொடர்ந்து கோபமாகவே இருக்க வேண்டியதாயிற்று. இப்போது 'ஆம்பள நியாயம்' சானலுக்கு இரண்டு லட்சம் பேர். அதில் மிக விசுவாசமானவர், லக்கல பக்கம் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்கிற டிலக்சன். கஜீபனின் ஒரே அக்கா சுதர்சினியின் புருஷன், இப்போது லைனில் இருப்பவர்.

"முதல்ல ஒண்ணு கேக்குறேன். அக்காவோட போன் எப்படி உங்க கையில?... ஆ... வீடியோ பாத்துட்டு எடுத்து வச்சீங்களா... போன ஞாயித்துக்கிழமை போட்டதா... 'பொண்டாட்டிக்கு எதுக்கு போன்', அதுதான், அதுதான்... செஞ்சது சரி மச்சான். இல்ல, அக்கான்னு நான் பாக்க மாட்டேன், நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்... அழுதாங்களா?... அழுவாங்க. அழுகைய பத்தி தனி வீடியோவே இருக்கு, லிங்க் அனுப்புறேன்."

அவன் முதல் வீடியோவை எடுத்த போனே அக்கா கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய் வாங்கிக் கொடுத்ததுதான். அந்தச் சங்கதியை அவன் எந்த வீடியோவிலும் சொன்னதில்லை.

"சரி, பண்டார என்ன எழுதியிருக்கான்?... சிங்களமா... உங்களுக்கு வாசிக்க வராது, தெரியும்... பேர் மட்டும் தமிழ்லயா? அக்கா அந்தப் பேர மட்டும் தமிழ்ல போட்டு வச்சிருக்காங்களா... ம். அது வேறயா... எத்தனை மெசேஜ்?... பதினேழா?... நாலரையில இருந்து பதினேழு... மச்சான், உக்காருங்க. உக்காந்துட்டீங்களா?... ஒரு ஆம்பள ஒரு பொம்பளைக்கு அரை மணித்தியாலத்துல பதினேழு மெசேஜ் போட்டா, அது விவசாய ஆலோசனை இல்ல."

வாக்கியம் அவனுக்கே பிடித்துப் போனது. பக்கத்தில் கிடந்த கொப்பியில் குறித்துக்கொண்டான்.

"அக்கா இப்ப எங்க?... பல்லேகம சந்தைக்கா... கத்தரிக்கா விக்க... அஞ்சு மணிக்கு பஸ் ஹோல்ட்ல இறங்குவாங்க, அங்கருந்து நடை... அப்ப பாருங்க, அவன் சரியா அந்த நேரம் பாத்து எழுதுறான். விளங்குதா?... ஆமா, ஆமா... கோவத்துல எதையும் உடைக்காதீங்க. அந்தப் போன அப்படியே மேசையில வச்சு, உங்க போன்ல போட்டோ புடிச்சு அனுப்புங்க... ஆ, வந்துட்டு. லைன்லயே இருங்க, வாசிக்கிறேன்... 'வராத'ன்னு போட்டிருக்கான்... ம்... 'அங்கேயே நில்லு, நான் வாறேன்'... பாத்தீங்களா... இருங்க மச்சான், இன்னும் இருக்கு... 'ட்ராக்டர் எடுத்துக்கிட்டு வாறேன்'... ட்ராக்டரா?... ஆமா, ட்ராக்டர்னுதான் எழுதியிருக்கு... ஏன்னு எனக்கு எப்படி தெரியும்... மேல தள்ளுங்க. மேல, மேல, முதல் மெசேஜ் வரைக்கும். அதையும் போட்டோ புடிங்க."

இரண்டாவது படம் வந்தது. கஜீபன் அதை விரலால் பெரிதாக்கினான். நெற்றியைச் சுருக்கி ஒரு தடவை வாசித்தான், பிறகு இன்னொரு தடவை.

"மச்சான், இது தனி ஆள் இல்ல, குரூப்... நாப்பத்தி மூணு பேரு... எல்லாம் பொம்பளைங்க பேரு... பண்டார மட்டுந்தான் ஆம்பள. யாரு அவரு?... குளத்துல தண்ணி திறந்து விடுறவரா... எத்தனை வயசு?... அறுபத்தெட்டு... ம்... இல்ல, கேளுங்க. முதல் மெசேஜ வாசிக்கிறேன். 'தனி யானை ஒண்ணு குளக்கட்டுல நிக்குது. பஸ்ல வாறவங்க ஹோல்ட்ட விட்டு நடக்க வேணாம்.'... ஆமா, யானை... அதுக்குப் பிறகு ஒவ்வொருத்தரா 'சரி', 'சரி', 'வீட்டுலதான் இருக்கோம்'... அக்கா மட்டும் பதில் போடல. அதுக்குத்தான் அவரு திரும்பத் திரும்ப... 'சுதர்சினி, பாத்தியா'... 'மகள், பதில் போடு'... 'சுதர்சினி'... 'சுதர்சினி'... எல்லாம் அதுதான் மச்சான். பதினேழும் அதுதான்."

கஜீபன் கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஐந்து கடந்து பன்னிரண்டு நிமிடம்.

"அக்காவுக்கு உடனே கோல் எடுத்து... ஓ... ஆமா. போன் உங்க கிட்டதான்."

கொப்பியை மூடி ஒதுக்கி வைத்தான்.

"ஹோல்ட்ல இருந்து கட்டுக்கு எவ்வளவு தூரம்?... இருபது நிமிஷ நடை... அப்ப ஓடுங்க... இல்ல, நில்லுங்க, ஓடாதீங்க. நீங்க கட்டுக்கு இந்தப் பக்கம், அக்கா அந்தப் பக்கம், நடுவுல அது. ஓடி என்ன செய்யப் போறீங்க... பண்டாரவுக்கு அக்கா போன்ல எடுங்க... எடுக்கலயா... ட்ராக்டர் சத்தத்துல கேக்காது... அப்ப குரூப்ல இருக்குற பொம்பளைங்க கிட்ட பேசுங்க... சிங்களம் பேசவும் வராதா? பத்து வருஷமா அங்க இருக்கீங்களே மச்சான்... அக்காதான் பேசுவாங்களா... சரி. சரி, அழாதீங்க. அந்தப் போன இந்தப் போனுக்குக் கிட்ட புடிங்க. மைக் படத்த அமத்துங்க. நான் பேசுறேன்."

சிங்களத்தில் பேசினான். இரண்டு லட்சம் பேருக்குப் பேசும்போது வராத நடுக்கம், நாற்பத்து மூன்று பேருக்குப் பேசும்போது வந்தது.

"'நான் சுதர்சினியோட தம்பி. அக்கா கையில போன் இல்ல. ஹோல்ட்ல இருந்து நடந்து வாறாங்க, யானை நிக்கிறது தெரியாது. யாராவது நிப்பாட்டுங்க'... விடுங்க. போயிட்டா?... பதில் வந்தா லவுட்ல போடுங்க... ம்... ம்... என்ன கேக்குறாங்கன்னா, கையில போன் இல்லன்னா இது யாரோட போன்ல இருந்து வருதுன்னு... நியாயமான கேள்விதான்... திரும்ப அமத்துங்க. 'அக்கா போன் பழுது'... வேணாம், வேணாம், அனுப்பாதீங்க, அழிச்சிருங்க. பழுதான போன்ல எப்படி பேசுறது... இன்னொண்ணு வந்திருக்கா, போடுங்க... 'நீ யாரு, சுதர்சினிய என்ன செஞ்சீங்க'ன்னு கேக்குறாங்க. நம்ப மாட்டேங்குறாங்க மச்சான்."

கண்ணை மூடிக்கொண்டான். வேறு வழி ஏதும் இருந்தால் அதைத்தான் செய்திருப்பான்.

"அமத்துங்க... 'போன அவங்க புருஷன் எடுத்து வச்சிட்டாரு. எடுக்கச் சொன்னது நான். ஆம்பள நியாயம்னு வீடியோ போடுறவன் நான்தான். என்னைய ஏசுறத பிறகு ஏசுங்க. அக்காவ நிப்பாட்டுங்க'... விடுங்க... போயிட்டா... பதில்?... நீலக் கோடு விழுந்துட்டா... எல்லாரும் கேட்டுட்டாங்க... ஆனா ஒருத்தரும் ஒண்ணும் எழுதல... ம்... இருங்க, லைன வெட்டாதீங்க. முற்றத்துக்குப் போய்ப் பாருங்க, குளம் தெரியும்தானே... என்ன சத்தம் அது?... யானைய வெரட்டுற வெடியா?... யாரு போட்டது?... தெரியுதா, இல்லயா?... லைட்டா?... ட்ராக்டர்தானா?... எத்தனை பேர் இருக்காங்க, நல்லா பாருங்க மச்சான், நல்லா பாருங்க... அக்கா என்ன உடுத்திக்கிட்டு போனாங்க?... நீங்க பாக்கலயா... சரி... சரி... கிட்ட வரட்டும்..."

காத்திருந்தான். குலதெய்வத்திலிருந்து மாத்தளை முத்துமாரியம்மன் வரை எல்லோரையும் கூப்பிட்டான். பாதிப் பேர் பெண் தெய்வங்கள் என்பதெல்லாம் அப்போது அவன் நினைவில் இல்லை.

"அக்காவா?... உண்மையாவா?... அப்பாடா... எந்த எடத்துல புடிச்சாங்களாம்?... கட்டுல ஏறப்போற நேரமா... யாரு?... ஹோல்ட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பொம்பளை சட்டிய தட்டிக்கிட்டு ஓடிவந்தா... என்னோட மெசேஜ கேட்டுட்டா... ம்... அதைக் கேட்டுட்டுத்தானா... யானை எவ்வளவு தூரத்துல?... போதும், சொல்ல வேணாம். அக்காகிட்ட குடுங்க."

மறுபக்கம் போன் கைமாறும் சத்தம் கேட்டது. கஜீபன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டான்.

"அக்கா... நான்தான்... கால்ல அடியா?... ம்... ம்... நான் பேசினத கேட்டீங்களா... ட்ராக்டர்ல வச்சே போட்டுக் காட்டினாங்களா... ம்... இல்லக்கா, மச்சான ஏசாதீங்க, நான்தான்... ஏசலயா... சரி..."

அக்கா ஏசியிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். ஏசுகிற பெண்களுக்குப் பதில் சொல்லித்தான் அவன் பெரிய ஆளானான். சுதர்சினி சத்தம் போடாமல் ஒரு கேள்வி கேட்டாள், பதில் தெரிந்துகொள்ள விரும்புகிற ஒருத்தியாக.

"என்னக்கா?... யானை முன்னுக்கு நிக்கையில... கையில போனும் இல்லாம... ஒரு பொம்பள என்ன செய்யணும்னா?... என்னையா கேக்குறீங்க... ஆமா, எல்லாருக்கும் சொல்றவன்தான்... ம்... ... தெரியலக்கா... இல்ல, மழுப்பல... எனக்குத் தெரியல... அக்கா?... ஹலோ... அக்கா..."