வினுஷாவின் காது

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். எனக்கு அந்தப் பழமொழி பிடிக்காது, இன்ஸ்பெக்டர் ஷாஹித். தாராளமாகப் பார்க்கட்டும் என்றுதான் பதினான்கு வருஷமாகச் சொல்லி வருகிறேன். இசையமைப்பவர்களுக்காக ‘இழை’ என்று ஒரு மென்பொருள் எழுதி, இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறேன். திரையில் பெட்டிகளை வரைந்து கோடு போட்டு இணைத்தால் அது சுரங்களைக் கணக்கிட்டுக் கொடுக்கும், வாசித்தும் காட்டும். அதன் நிரலில் ஒவ்வொரு வரியும் திறந்தே கிடக்கிறது. வினுஷா ஒரு நாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை. இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர் சேதுபதி, வயது ஐம்பத்து மூன்று, பள்ளிக்கூடம் ஒன்றில் கணினி அறையைப் பார்த்துக்கொள்கிறேன். வினுஷாவுக்கு முப்பத்தொன்று. இசையமைப்பாளர். பொங்கோலில் தங்கை மேனுகாவோடு இருந்தாள். ஆறு வருஷம் சனிக்கிழமை தவறாமல் அங்கே போய், அவளுக்கு வேண்டிய பெட்டிகளை எழுதிக் கொடுத்தேன். அவள் மனத்தில் ஓடும் கமகம் வயலின்காரர்கள் படிக்கிற தாளில் வர வேண்டும். அதற்கு வழி செய்தது நான். அவள் காது அபாரமானது, அதை மறுக்கவில்லை. மயிரிழை பிசகினாலும் முகம் சுளிப்பாள்.

போன வருஷம் அவளுடைய நாற்பது நிமிஷப் படைப்பு ஒன்றைப் பெரிய அரங்கில் வாசிக்க நாள் குறித்தார்கள். வானொலியில் பேட்டி எடுத்தார்கள். கணினியை வைத்து எழுதுகிறீர்களாமே என்று கேட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“அது ஃப்ரீயா கெடைக்கிற சாஃப்ட்வேர் லா. கால்குலேட்டர் மாதிரி. மியூசிக் முழுக்க என் காதுதான்.”

நான் கோபப்படவில்லை. அது அவள் கருத்து. கருத்தென்றால் சோதித்துப் பார்க்கலாம் அல்லவா? அடுத்த சனிக்கிழமை அவள் கணினியில் மட்டும் ஒரு புதிய பதிப்பைப் போட்டேன். எழுதிய சுரம் திரையில் அப்படியே இருக்கும், காதில் விழுவது மட்டும் ஒரு துளி விலகியிருக்கும். ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூடும். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்ததிலிருந்து அவள் எல்லாவற்றையும் ஹெட்ஃபோனில்தான் கேட்பாள். ஒத்துப் பார்க்க வீட்டில் வேறு வாத்தியமும் இல்லை.

மூன்றாவது வாரம் ஹெட்ஃபோனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

“அங்கிள், இது உங்களுக்குச் சரியா கேக்குதா?”

“சரியாத்தானேம்மா இருக்கு.”

இவ்வளவுதான் நான் சொன்னது. திரையில் ஒவ்வொரு சுரத்துக்கும் பக்கத்தில் எண் இருக்கிறது. அதைப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் பிடித்திருப்பாள். அவளோ கண்ணை மூடிக்கொண்டு, காதுக்கு ஒத்துவரும்வரை சுரங்களை நகர்த்தினாள். நல்ல காது உள்ளவர்கள் செய்கிற தப்பு அது. சரியாக இருந்த படைப்பைத் தன் கையாலேயே கெடுத்தாள். ஒத்திகையில் இருபது பேர் அதை வாசித்தார்கள். கேட்கச் சகிக்கவில்லை. எழுதியதைத்தானே வாசிக்கிறோம் என்று அவர்கள் தாளைக் காட்டினார்கள். அவள் முகம் செத்துவிட்டது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கும் வருத்தமாக இருந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

காதைப் பரிசோதித்தாள், குறை ஒன்றும் இல்லை என்றார்கள். அப்படியென்றால் கோளாறு மூளையில்தான் என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். நிகழ்ச்சியிலிருந்து விலகினாள். அந்த வாரமே நான் என் மாற்றத்தை எடுத்துவிட்டேன். மேனுகா உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது அதற்கு முந்தைய நகல். பிந்தையதைத் திறந்து பாருங்கள், சுத்தமாக இருக்கும்.

அதன்பிறகு அவளுக்கு எல்லாம் சரியாகவே கேட்டது. அவள்தான் நம்பவில்லை. ஒரு சுரம் வைத்தால் என் முகத்தைப் பார்ப்பாள். சனிக்கிழமை போதாமல் புதன், ஞாயிறு என்றும் கூப்பிட்டாள். குக்கர் விசில் அடித்ததா, வாசலில் யாராவது கூப்பிட்டார்களா என்றெல்லாம் கேட்பாள். நான் ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. பெரும்பாலும் உண்மையைத்தான் சொன்னேன். எல்லாவற்றையும் அப்போதே ஒப்புக்கொண்டிருக்கலாமே என்கிறீர்கள். ஒப்புக்கொண்டால் அடுத்த சனிக்கிழமை அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை? அந்த இரண்டு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இனி அந்த வியாழக்கிழமை. தேக்கா கடைத்தெருவில் அவளோடு மத்தியானச் சாப்பாடு. பழைய கோப்புகளையும் மென்பொருளையும் யாராவது விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று மேனுகா சொல்வதாகச் சாப்பிடும்போது சொன்னாள். நல்ல யோசனைதான் என்றேன். அதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தமில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

சாப்பிட்டுவிட்டுக் கடைகளின் பின்சந்து வழியாக ஃபேரர் பார்க் ரயில் நிலையத்துக்கு நடந்தோம். சந்து திரும்பும் மூலையில் காய்கறி லாரி ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. சுவர் மறைத்ததால் அவளுக்கு அது தெரியவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. ஓட்டுநருக்கு நாங்கள் இருவருமே தெரிந்திருக்க வழியில்லை, அந்த மனிதரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பீப் பீப் என்று சத்தம் வந்தது. அவள் நின்றாள். அவள் காது அவளைச் சரியாகவே நிறுத்தியது.

“அங்கிள், பீப் பீப்னு கேக்குது. நெஜமாவே கேக்குதா, இல்ல எனக்கு மட்டும்தானா?”

“ஒண்ணும் கேக்கலயேம்மா.”

நான் அவளைத் தள்ளவில்லை. கையைக்கூடத் தொடவில்லை. சத்தம் எனக்கும் கேட்டது, லாரியின் சிவப்பு விளக்கும் தெரிந்தது. தெரிந்துதான் சொன்னேன். வாய் தவறியது என்று எழுதாதீர்கள், அப்படி எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன்.

“தேங்க்ஸ், அங்கிள்” என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.