எல்லாத் தலைக்கும் ஒரே சீப்பு

தாராவித் தமிழ்ப் பிள்ளைகளின் தலை காத்த தாயே! சொறியும் சிரங்கும் சொல்லாமல் ஓடச் செய்த செவிலியர் திலகமே! இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் பள்ளியில் பணியாற்றி இன்று விடைபெறும் பிரேமலதா சிஸ்டர் அவர்களே, வணக்கம்!

கொட்டும் மழையிலும் ஆண்டாப் ஹில்லிலிருந்து பஸ் பிடித்து, முதல் மணிக்கு முன்னே வந்து நிற்பீர்கள். நகம் பார்ப்பதில் தலைமையாசிரியர் சந்திரமௌலியைக்கூட விட்டதில்லை. இப்படியே புகழ்ந்து முடித்துவிடலாம். ஆனால் கண்ணாடி போட்டு மாட்டப்போகும் மடலில் எங்கள் தவறும் இருக்கட்டும்.

ஐந்தாண்டுகளுக்கு முன், இரண்டாம் வகுப்பு ஷ்ருதியின் தலையில் வட்டமாக முடி உதிர்ந்து செதில் படர்ந்தது. அடுத்தடுத்து ஒன்பது பிள்ளைகளுக்குப் படர்தாமரை. அவளிடமிருந்துதான் பரவியது என்று நாங்களே முடிவுகட்டி, வீட்டோடு நிறுத்தச் சொன்னோம். தாய் மாரிசெல்வி தங்களிடம் ஓடிவந்து அழுதார்.

"மெடிக்கல்ல குடுத்த ட்யூப்பத்தான் சிஸ்டர் தேச்சேன். ரெண்டு நாள் அமுங்கிச்சு, பெறகு தல பூரா பரவிட்டு. எம்புள்ளய நிறுத்திராதிய!"

"மருந்து ஆரம்பிச்சாச்சுன்னா புள்ள வகுப்புல இருக்கலாம். எங்கேருந்து வந்துச்சுன்னு மொதல்ல பாப்போம்" என்றீர்கள்.

பத்து வீடும் ஏறி இறங்கினீர்கள், விடை கிடைக்கவில்லை. மறுநாள் காலை பள்ளி வாசலில் நின்று பார்த்தீர்கள். கலைந்த தலையோடு வந்த பிள்ளைகளை நிறுத்தி, பாசத்தோடும் பெருமையோடும் நாங்கள் சீவிவிட்டுக்கொண்டிருந்தோம். எல்லாத் தலைக்கும் ஒரே சீப்பு!

தாங்கள் கடிந்துகொள்ளவில்லை. சீப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பெற்றோர் கூட்டத்தில் நாங்களே உண்மையைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டீர்கள். சொன்னோம். மாரிசெல்வியிடம் மன்னிப்பும் கேட்டோம்.

பத்துப் பிள்ளைகளையும் தோல் டாக்டரிடம் அழைத்துப்போனீர்கள். தலைக்குப் பூச்சு போதாது என்று அவர் மாத்திரை எழுதினார். வட்டம் மறைந்ததும் நிறுத்தப் பார்த்த வீடுகளில், "டாக்டர் சொல்லுத வரைக்கும் குடுங்க" என்று வாரக்கணக்கில் வாசலில் நின்றீர்கள். ஆளுக்கொரு சீப்பு, ஆளுக்கொரு துண்டு என்பது அன்று முதல் எங்கள் பள்ளியின் சட்டமானது. பத்துத் தலையிலும் முடி முளைத்தது.

அன்பின் உருவே! ஆறாத காபியும் அவசரமில்லாத காலையும் தங்களுக்கு அமையட்டும். உடல்நலம் குன்றாமல் நெடுங்காலம் வாழ்க!

இம்மடலை வாசிப்பவள் இப்போது ஏழாம் வகுப்பில் படிக்கும் ஷ்ருதி. தமிழ் தடுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் திரும்பி நிற்பாள், இடுப்பு வரை தொங்கும் அந்தப் பின்னலைப் பாருங்கள் சிஸ்டர்!

தங்களை மறவாத,
ஆசிரியர்கள், அலுவலர்கள்,
தமிழ்ப் பள்ளி, தாராவி, மும்பை.